ஐ.பி. கொடுப்பது எந்தப் பெட்டி?

ஒவ்வொரு மாதமும் 20-ஆம் தேதி வந்தால் ஆடிட்டர் ஆபீஸ்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஜி.எஸ்.டி. 3-பி படிவத்தை மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு அன்றுதான் கடைசி நாள். அப்படியொரு 20-ஆம் தேதி காலை பத்தே காலுக்கு, ஈரோட்டில் நான் வழக்கமாகப் பார்த்துக்கொடுக்கும் ஓர் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, நெட்டு போயிருச்சுங்க. டேலியும் ஓப்பன் ஆக மாட்டேங்குது. ஆனா எல்லா சிஸ்டத்துலயும் இல்லீங்க. ஆறுல வருது, அஞ்சுல வரல. சார் ரொம்ப டென்ஷனா இருக்காருங்க. கொஞ்சம் சீக்கிரம் வாங்கண்ணா."

பேசியது அங்கே எட்டு வருடமாகக் கணக்கு எழுதும் பெண். "ஆறில் வருகிறது, ஐந்தில் வரவில்லை" என்று அவர் சொன்னதிலேயே பாதி நோய் பிடிபட்டுவிட்டது. எல்லா சிஸ்டத்திலும் நெட் போனால் பெரும்பாலும் லைன் கோளாறு. ஒன்றில் மட்டும் போனால் கேபிளைப் பார்க்க வேண்டும். பாதியில் வந்து பாதியில் வராமல் இருந்தால், ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் விலாசமாக இருக்கும் ஐ.பி. எண்ணைக் கொடுக்க அந்த ஆபீஸுக்குள் இரண்டு பெட்டிகள் போட்டி போடுகின்றனவா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

2002-இல் இருந்து இதுதான் என் தொழில். ஐந்து பேர் முதல் நாற்பது பேர் வரை வேலை செய்யும் ஆபீஸ்களுக்கு கேபிள் இழுத்து, ஸ்விட்ச் மாட்டி, ரூட்டர் வைத்துக் கொடுப்பது. பிறகு அது கெட்டால் போய்ப் பார்ப்பது. ஆடிட்டர்கள், நூல் ஏஜென்ட்கள், மஞ்சள் மண்டிகள், சின்ன ஆஸ்பத்திரிகள், கோச்சிங் சென்டர்கள் என்று எல்லா விதமான இடத்துக்கும் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் முதலாளியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்க ஆபீஸ்ல ஐ.பி. கொடுக்கறது எந்தப் பெட்டிங்க?" பத்து பேரில் ஒன்பது பேருக்கு அந்தக் கேள்வியே புரிவதில்லை. அது அவர்கள் தவறும் இல்லை. மாட்டிக் கொடுத்தவர்கள் யாருமே அவர்களிடம் அதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். நெட் வராத ஒரு சிஸ்டத்தில் கமாண்ட் விண்டோவைத் திறந்து பார்த்தேன். அதன் எண் 192.168.0.103. பக்கத்து மேசையில் வேலை செய்துகொண்டிருந்த சிஸ்டத்தின் எண் 192.168.1.24. அந்த ஆபீஸின் ரூட்டர் 192.168.1.1, கணக்கு எழுதும் டேலி மென்பொருள் இருக்கும் சர்வர் 192.168.1.10. அதாவது நெட் வராத ஐந்து சிஸ்டங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வேறு தெருவின் விலாசத்தை வைத்துக்கொண்டிருந்தன. சர்வர் ஆறடி தூரத்தில்தான் இருக்கிறது. அவற்றுக்கு அதைப் பார்க்க வழியில்லை.

அந்த இன்னொரு தெருவின் தலைவாசல் 192.168.0.1. அப்படி ஒரு பெட்டியை நான் அங்கே மாட்டவில்லை. கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. அந்த எண்ணுக்கு விடாமல் பிங் ஓட விட்டேன். எல்லோரையும் வேலையை சேவ் பண்ணச் சொல்லிவிட்டு, ஸ்விட்சில் இருந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி மாட்டினேன். பிடுங்கும்போது பதில் நிற்கிறதா என்று அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "வருதுங்ணா... வருதுங்ணா..." பதினேழாவது போர்ட்டில் "நின்னுருச்சுங்ணா!" என்றார். அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால், மீட்டிங் அறையில் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய வைஃபை ரூட்டர் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது.

ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருக்கும் பையன் ஒருவன் முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தான். மீட்டிங் அறையில் சிக்னல் வரவில்லை, சாரும் கிளையன்ட்களும் சிரமப்படுகிறார்கள் என்று நல்லதுக்குத்தான் செய்தான். முகமெல்லாம் வெளிறி நின்றான். அவனைத் திட்ட எனக்கு மனது வரவில்லை. அந்த ரூட்டரிலேயே எண் கொடுக்கும் வசதியை அணைத்து, அதற்கு 192.168.1.2 என்று ஒரு நிலையான எண் கொடுத்து, அதே கேபிளை லேன் போர்ட்டிலேயே திரும்ப மாட்டினேன். வேலை செய்யாமல் இருந்த சிஸ்டங்களை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தோம். பதினொன்றரைக்கெல்லாம் டேலி எல்லா மேசையிலும் திறந்துவிட்டது. மீட்டிங் அறையில் சிக்னலும் வந்தது. பையன் கொண்டுவந்த பெட்டியில் குறையில்லை. அது செய்யக் கூடாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்த எண் கொடுக்கும் வேலைக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர். முறை மிகவும் எளிமையானது. ஆன் செய்த சிஸ்டத்துக்குத் தன் எண் என்னவென்று தெரியாது. அது நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கும்: எனக்கு யாராவது எண் கொடுங்கள். எண் கொடுக்கும் பெட்டி, "இந்தா, 24 காலியாக இருக்கிறது" என்று நீட்டும். சிஸ்டம், "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும். பெட்டி, "எழுதிக்கொண்டேன், இத்தனை மணி நேரத்துக்கு உன்னுடையது" என்று முடிக்கும். நான்கே பேச்சு, ஒரு நொடிகூட ஆகாது. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரால்ஃப் டிராம்ஸ் என்பவர் எழுதிய விதிமுறை இது. 1993-இல் முதலில் வந்து, 1997 மார்ச்சில் திருத்தி வெளியானது. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன் இன்றைக்கும் வைஃபையில் சேரும்போது அந்த 1997 விதியின்படிதான் எண் கேட்கிறது.

அந்த விதியில் ஒரு பெரிய நம்பிக்கை அடங்கியிருக்கிறது. எண் கேட்கும் சிஸ்டம், பதில் சொல்வது யார் என்று விசாரிப்பதில்லை. பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவரிடமே எண்ணை வாங்கிக்கொள்கிறது. ஒரே லாட்ஜில் இரண்டு ரிசப்ஷன், இரண்டு ரெஜிஸ்டர், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாவி கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த ஆடிட்டர் ஆபீஸில் ஆனது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னது நெட்வொர்க்குக்கும் பொருந்தும்.

எண் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எண்ணோடு சேர்த்து இன்னும் இரண்டு விஷயங்களை அந்தப் பெட்டி சொல்லி அனுப்புகிறது. வெளியே போக எந்த வாசல் என்பது ஒன்று. இணையதளப் பெயர்களுக்கு விலாசம் யாரிடம் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று, இதைத்தான் டி.என்.எஸ். என்கிறோம். வங்கியின் பெயரை அடித்தால் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது அந்த டி.என்.எஸ். அதைத் தவறான ஆளிடம் விட்டால், வங்கியின் பெயரை அடித்தவரைப் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட வாசல் திறந்துவிடுகிறது.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. டி.என்.எஸ். சேஞ்சர் என்ற ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. எஸ்டோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் கைதானார்கள். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த வைரஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்து டி.என்.எஸ்.ஸை மாற்றியதோடு நிற்கவில்லை. வீட்டிலும் சின்ன ஆபீஸிலும் எண் கொடுக்கும் ரூட்டருக்குள், கம்பெனி போட்டு அனுப்பிய பழைய பாஸ்வேர்டை வைத்தே நுழையப் பார்த்தது. ரூட்டர் மாட்டின நாளில் இருந்த பாஸ்வேர்டையே வருடக்கணக்கில் வைத்திருக்கும் ஆபீஸ்களை நான் வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

ஆகவே இந்த முடிவை முதலாளி எடுக்க வேண்டும். கேமரா மாட்ட வந்தவரோ, லைன் கொடுக்க வந்தவரோ, அன்றைக்கு யார் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்ததோ அவரோ எடுக்கக் கூடாது. ஆபீஸ் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும் அல்லவா? அதே மாதிரி இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தப் பெட்டியிடம் அந்த வேலையைக் கொடுப்பது என்பதில் என் தொழில்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது, இருபத்தைந்து பேர் வரை இருக்கிற, பெரிய சர்வர் ஏற்பாடு இல்லாத ஆபீஸில், ஆபீஸ் தன் சொந்தக் காசில் வாங்கிய ரூட்டர்தான் எண் கொடுக்க வேண்டும். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபர் பாக்ஸ் கொடுக்கக் கூடாது.

இன்டர்நெட் கம்பெனியின் பாக்ஸில் எண் கொடுக்கும் வசதி ஏற்கெனவே ஆன் ஆகித்தான் வரும். ஆள் வருவார், மாட்டுவார், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். எல்லாம் வேலை செய்யும். அதனால்தான் பத்தில் எட்டு ஆபீஸ்களில் அதுவே நிலைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெட்டி உங்களுடையது இல்லை. அதன் உள் பாஸ்வேர்டைப் பெரும்பாலும் உங்களுக்குத் தர மாட்டார்கள்.

ஒரு நூல் ஏஜென்ட் ஆபீஸில் ஐப்பசி மழையில் இடி விழுந்து ஃபைபர் பாக்ஸ் போய்விட்டது. மறுநாளே ஆள் வந்து புதுப் பாக்ஸ் மாட்டிவிட்டார். நல்ல சர்வீஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய பாக்ஸ் 192.168.1 வரிசையில் எண் கொடுத்தது, புதுப் பாக்ஸ் 192.168.100 வரிசையில் கொடுத்தது. போனில் நெட் வந்தது, கம்ப்யூட்டரில் நெட் வந்தது. பிரின்டர் போய்விட்டது. விரல் வைக்கும் மெஷின் போய்விட்டது. கேமரா போய்விட்டது. டேலி சர்வர் போய்விட்டது. இவை நான்குக்கும் பழைய வரிசையில் நிலையான எண் போட்டிருந்தார்கள். முதலாளி பிரின்டர்காரரைக் கூப்பிட்டார், அவர் வந்து பிரின்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கேமராக்காரரும் அப்படியே. மூன்று நாள், மூன்று பேருக்கு சர்வீஸ் சார்ஜ். நான்காவதாக என்னைக் கூப்பிட்டபோது, "எல்லாமே ஒரே நாள்ல கெட்டுப் போச்சுங்க, ஏதோ கண்ணுபட்ட மாதிரி" என்றார். எதுவும் கெடவில்லை. எண் கொடுப்பவர் மாறிவிட்டார், அந்தச் செய்தி யாருக்கும் போகவில்லை.

சொந்த ரூட்டர் இருந்தால், கம்பெனியின் பாக்ஸ் வெளியே இன்டர்நெட்டைக் கொண்டுவந்து விடுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். இடி விழட்டும், கம்பெனி மாறட்டும், உள்ளே எண்கள் அப்படியே இருக்கும். ஐயாயிரம் ரூபாய்க்குள்ளேயே இந்த வேலைக்குப் போதுமான ரூட்டர் கிடைக்கிறது. ஏ.சி. சர்வீஸுக்கு வருடாவருடம் அதைவிட அதிகம் செலவு செய்கிற ஆபீஸ்கள் இதற்குத் தயங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"சர்வர் இருக்குதே, அது கொடுக்கட்டுமே" என்று சிலர் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எந்தச் சர்வர் என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் டொமைன் போட்டு, ஒவ்வொருவரும் தன் பெயரில் லாகின் செய்கிற ஆபீஸாக இருந்தால், சர்வரே எண் கொடுப்பதுதான் சரி. அங்கே எல்லா சிஸ்டமும் டி.என்.எஸ்.ஸுக்குச் சர்வரைத்தான் கேட்க வேண்டும்; ரூட்டர் எண் கொடுத்து, இன்டர்நெட் கம்பெனியின் டி.என்.எஸ்.ஸைக் கை காட்டிவிட்டால் லாகின் இழுத்துக்கொண்டே இருக்கும், ஷேர் ஃபோல்டர் திறக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ரூட்டரில் டி.ஹெச்.சி.பி.யை அணைத்துவிட்டுச் சர்வரிடம் கொடுக்கிறேன். முன்பு மைக்ரோசாஃப்டின் ஸ்மால் பிசினஸ் சர்வர் என்று ஒன்று இருந்தது. நெட்வொர்க்கில் இன்னொருவர் எண் கொடுப்பதைப் பார்த்தால் அது தன் சேவையைத் தானே நிறுத்திக்கொள்ளும். அணைக்காத ரூட்டரால் காலையில் வந்து பார்க்கும்போது சர்வர் கைகட்டி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் ஊர் ஆபீஸ்களில் சர்வர் என்று சொல்வது பெரும்பாலும் டேலி போட்டு வைத்திருக்கும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரைத்தான். சாயங்காலம் கடைசியாகப் போகிறவர் அதை ஆஃப் செய்துவிட்டுப் போவார். அதனிடம் எண் கொடுக்கும் வேலையை ஒப்படைப்பது, வீட்டுச் சாவியை ஊருக்குப் போகிறவரிடம் கொடுப்பது போல.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இதை நன்றாகப் பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் மாலை நாலு, ஐந்து மணிக்கு வரும். வந்த உடனே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆன் செய்வார்கள். சின்ன ரூட்டர் ஒன்றிரண்டு நிமிடத்தில் தயாராகிவிடும். சர்வர் எழுந்து உட்கார ஐந்து, பத்து நிமிடம் ஆகும். அதற்குள் எழுந்த சிஸ்டங்கள் எண் கேட்டுக் கேட்டுப் பார்த்து, யாரும் கொடுக்காமல், 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைத் தாங்களே போட்டுக்கொள்ளும். உங்கள் சிஸ்டத்தில் 169.254 என்று பார்த்தால், எண் கொடுக்க ஆளே கிடைக்கவில்லை என்று அது சொல்கிறது. விண்டோஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்க்கும். ஆனால் வேலை செய்கிறவருக்கு அதுவரை பொறுமை இருக்காது. ரீஸ்டார்ட் செய்வார், கேபிளைப் பிடுங்குவார், கடைசியில் எனக்கு போன் செய்வார்.

ரூட்டருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது 12 வோல்ட்டில் ஓடும் சின்னப் பெட்டி. உள்ளங்கை அகல மினி யு.பி.எஸ். ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நான் மாட்டும் ஒவ்வொரு ரூட்டருக்கும் அதைக் கட்டாயமாக வைத்துவிடுகிறேன்.

பெரிய ஸ்விட்ச்களும் எண் கொடுக்கும். நான்கு மாடி, பல பிரிவு என்று இருக்கும் இடத்துக்கு அது தேவை. சின்ன ஆபீஸுக்கு வேண்டாம். அதன் பாஸ்வேர்டு மாட்டினவரோடு போய்விடும். ஆனால் நாமே விதி எழுதி வைக்கக்கூடிய மேனேஜ்ட் ஸ்விட்ச் வேறு விதத்தில் உதவும். டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று அதில் ஒரு வசதி இருக்கிறது. இந்த ஒரு போர்ட்டில் இருந்து மட்டும்தான் எண் கொடுக்கலாம், வேறு எங்கிருந்து கொடுத்தாலும் தடுத்துவிடு என்று ஸ்விட்சிடம் சொல்லி வைத்துவிடலாம். ஆடிட்டர் ஆபீஸில் அது இருந்திருந்தால், அந்தப் பையன் பத்து ரூட்டர் கொண்டுவந்து மாட்டினாலும் மற்ற மேசைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் இப்போது அதைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரிலோ ராஸ்பெரி பை போன்ற சின்ன போர்டிலோ லினக்ஸ் போட்டு எண் கொடுக்க வைக்கும் இளைஞர்களையும் பார்க்கிறேன். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். போட்டவர் வேலையை விட்டுப் போன பிறகு அதைத் தொட ஆள் கிடைக்காது.

யாருமே எண் கொடுக்க வேண்டாம், எல்லாவற்றுக்கும் கையாலேயே எண் போட்டுவிடுகிறேன் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் 2002-இல் அப்படித்தான் செய்தேன். ஒரு நீளமான அக்கவுன்ட் நோட்டில் வரிசையாக எழுதி வைப்பேன்: 11 அக்கவுன்ட்ஸ், 12 கேஷியர், 13 மேனேஜர். அன்றைக்கு ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர் இருக்கும், அவ்வளவுதான். இன்றைக்குப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆபீஸில், கம்ப்யூட்டர் பன்னிரண்டு, போன் பன்னிரண்டுக்கு மேல், லேப்டாப், இரண்டு பிரின்டர், கேமரா பெட்டி, விரல் வைக்கும் மெஷின், மீட்டிங் அறை டி.வி. என்று எண்ணிப் பார்த்தால் முப்பதைத் தாண்டுகிறது. நோட்டு தாங்காது. லேப்டாப்பில் நிலையான எண் போட்டால், அதை வீட்டுக்குக் கொண்டுபோனவர் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, "வீட்ல நெட்டு வரலைங்க" என்பார்.

கையால் எண் போடுவதில் இன்னொரு ஆபத்து, தானாகக் கொடுக்கும் வரிசைக்குள்ளேயே கை வைப்பது. ஒரு மஞ்சள் மண்டியில் ரூட்டர் 100 முதல் 199 வரை எண் கொடுத்துக்கொண்டிருந்தது. கேமரா மாட்டியவர், நினைவில் நிற்க வேண்டும் என்று கேமரா பெட்டிக்கு 100 என்றே போட்டுவிட்டுப் போய்விட்டார். ரூட்டருக்கு அது தெரியாது. ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும், கேமரா பெட்டி எழுவதற்குள் யாருடைய போனாவது 100-ஐ வாங்கிக்கொள்ளும். கேமரா சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. இரண்டு தடவை கேமரா பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள். நான் போய் அந்த எண்ணை 20 என்று மாற்றினேன். வேலை பத்து நிமிடம்.

பிரின்டர், கேமரா, விரல் மெஷின், டேலி சர்வர் போன்ற அசையாத பொருள்களுக்கு எண் மாறக் கூடாது, உண்மைதான். அதற்கும் எண் கொடுக்கும் பெட்டியிலேயே வழி இருக்கிறது. இந்த மெஷின் வந்து கேட்டால் இந்த எண்ணை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று ரூட்டரில் எழுதி வைத்துவிடலாம். ரிசர்வேஷன் என்று பெயர். ஒரே இடத்தில் எல்லாம் எழுதியிருக்கும்; நாளை இன்னொருவர் வந்தாலும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்வார்.

எண்ணை எவ்வளவு நேரத்துக்குக் கொடுப்பது என்பதையும் ஆபீஸைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். ஒரு வங்கித் தேர்வு கோச்சிங் சென்டரில் விண்டோஸ் சர்வர் எண் கொடுக்கும்படி அமைத்தேன். அது வழக்கமாகவே ஒரு எண்ணை 8 நாளுக்கு எழுதிக் கொடுக்கும். அதை நான் மாற்றவில்லை. வரிசையில் 150 எண்கள். தினமும் மூன்று பேட்ச், பேட்சுக்கு அறுபது மாணவர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன். முதல் பேட்ச் வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் எண்கள் அவர்கள் பெயரிலேயே இருந்தன. மூன்றாவது பேட்சில் பாதிப் பேருக்கு எண் கிடைக்கவில்லை. ஆன்லைன் மாதிரித் தேர்வு எழுத முடியாமல் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆள் மாறாத ஆபீஸுக்கு ஒரு நாள், எட்டு நாள் எதுவும் பரவாயில்லை. ஆள் வந்து போகும் இடத்துக்கு மணிக்கணக்குதான்.

"ஒரே பெட்டியை நம்பி இருந்தால், அது கெட்டால் என்ன செய்வது? பாதுகாப்புக்கு இரண்டு இருக்கட்டுமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. பெரிய நிறுவனங்களில் இரண்டு சர்வர்கள் ஒன்றோடு ஒன்று கணக்கு ஒப்பிட்டுக்கொண்டு எண் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆளும் இருப்பார். சின்ன ஆபீஸில் ரூட்டர் கெட்டால் இன்டர்நெட்டும் சேர்ந்தேதான் போகும். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டங்கள் கையில் இருக்கும் எண்ணை உடனே விட்டுவிடாது. எழுதிக் கொடுத்த நேரம் முடியும் வரை வைத்திருக்கும். அதற்குள் மாற்று ரூட்டரை மாட்டிவிடலாம். அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, அமைப்புகளை பேக்கப் எடுத்து, அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெட்டி அலமாரியில் இருக்க வேண்டும், நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது.

என் தொழில் நண்பர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு ஏ-4 தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். எண் கொடுப்பது எந்தப் பெட்டி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, ரிசர்வேஷன் யார் யாருக்கு, மாட்டிய தேதி. பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு முதலாளி கையில் கொடுங்கள். பாஸ்வேர்டு நம்மிடம் இருந்தால்தான் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். வீடு கட்டிய கொத்தனார் சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு போவதில்லை. ஆடிட்டர் ஆபீஸின் ரேக்கில் அந்தத் தாளை அன்றைக்கே ஒட்டினேன். அந்தக் கணக்கு எழுதும் பெண், அதன் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "புதுசா எந்த ரூட்டர் மாட்டினாலும் கேட்டுட்டு மாட்டவும்."

ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள் நாளை காலை ஒரு காரியம் செய்யுங்கள். தூரம் தூரமாக இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களில், நெட்வொர்க் கனெக்‌ஷனின் ஸ்டேட்டஸைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பட்டனை அழுத்துங்கள். டி.ஹெச்.சி.பி. சர்வர் என்று ஒரு வரியும் அதற்கு எதிரே ஒரு எண்ணும் இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால், அது எந்தப் பெட்டியின் எண் என்று உங்கள் ஆளிடம் கேட்டு எழுதி வையுங்கள். வேறு வேறாக இருந்தால் அன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். 20-ஆம் தேதி வரை காத்திருக்காதீர்கள்.